என்.ஏ.டி. சீரம் தோலின் மூப்பைத் தடுக்குமா? செல்லின் வளர்சிதை மாற்றமும் புதிய தோல்பராமரிப்புப் பொருட்களும்

செம்பருத்தி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. நான்கு மாதங்களாக ஒரு சீரம் பயன்படுத்தி வருகிறேன். அதன் குப்பியில் "என்.ஏ.டி. பிளஸ்" என்று பெரிதாகவும், "செல்களின் ஆற்றலை மீட்டு இளமையைத் திருப்பித் தருகிறது" என்று அதற்குக் கீழே சிறிதாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். வயது ஏற ஏற உடலில் என்.ஏ.டி. (செல்கள் ஆற்றல் பெற உதவும் மூலக்கூறு) குறைகிறது என்பதைப் பல இடங்களில் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். நான் படித்தது கணக்கியல். ஆகவே கணக்குப்போலவே கேட்கிறேன்: குறைந்துபோன ஒன்றை வெளியிலிருந்து வரவு வைத்தால் இருப்பு கூடத்தானே வேண்டும்? தோல் மூப்படைவதற்குச் செல்களின் ஆற்றல் குறைவது உண்மையிலேயே காரணமா? காரணம் என்றால், அதை மேலே பூசும் ஒரு திரவத்தால் ஈடுசெய்ய முடியுமா? துறை தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உயிர்வேதியன்:

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. முதல் கேள்விக்கான பதில் பெருமளவு "ஆம்" என்பதால், இரண்டாவதற்கும் அதுவே பதில் என்ற எண்ணம் வாசிப்பவர் மனத்தில் தானாக உருவாகிவிடுகிறது. ஆகவே பிரித்தே எழுதுகிறேன்.

என்.ஏ.டி. என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஈஸ்ட் சாற்றில் சர்க்கரை நொதிப்பதற்குச் சூட்டைத் தாங்கும் சிறு மூலக்கூறு ஒன்று தேவைப்படுகிறது என்பதை ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1906இல் காட்டினார்கள், பின்னர் என்.ஏ.டி. என்று அறியப்பட்டது அதுதான். அந்தத் தடத்தில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக ஹார்டனும் ஹான்ஸ் ஃபான் ஆய்லர்-செல்பினும் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களைச் சுமந்து சென்று, செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் ஒப்படைப்பது இதன் முதல் வேலை. சேதமடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் நொதிகளும், சிர்டுயின் எனப்படும் ஒழுங்குபடுத்தும் நொதிகளும் இதையே உடைத்துச் செலவழிக்கின்றன என்பது பிற்காலத்தில் தெரிந்தது. எலக்ட்ரானைச் சுமக்கும்போது என்.ஏ.டி. அழிவதில்லை, திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. பழுதுபார்க்கும் வேலையிலோ அது உண்மையாகவே உடைந்துபோகிறது. தோலைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது செலவுதான் முக்கியமானது. புற ஊதாக் கதிர் படும்போதெல்லாம் மேல்தோல் செல்களின் டி.என்.ஏ. சேதமடைகிறது, பார்ப் என்னும் நொதி விழித்துக்கொண்டு என்.ஏ.டி.யை அள்ளிச் செலவழிக்கிறது.

இந்த மூலக்கூறு அடியோடு குறைந்தால் தோல் என்னவாகும் என்பதற்குச் சோதனைக்கூடம்கூடத் தேவையில்லை, மருத்துவ வரலாறே சான்று. பெலாக்ரா என்னும் நோயை 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல் விவரித்தார். வெயில் படும் இடங்களில் மட்டும் தோல் சிவந்து, கறுத்து, தடித்து உரியும். கழுத்தைச் சுற்றி வளையம்போல் தோன்றும் தடிப்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அந்த நோயின் வேர் நியாசின் (வைட்டமின் பி3) சத்துக் குறைவு என்பதற்கான திறவுகோல் 1937இல் கிடைத்தது. நியாசின் இல்லாவிட்டால் உடலால் போதிய என்.ஏ.டி.யை உருவாக்க முடியாது, என்.ஏ.டி. இல்லாத தோலால் வெயிலைத் தாங்க முடியாது. வெயில் அதிகம் படாத இடுப்புப் பகுதித் தோலின் மாதிரிகளை வெவ்வேறு வயதினரிடமிருந்து எடுத்து ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்றும், வயது கூடக் கூட என்.ஏ.டி. குறைவதைக் காட்டியது. ஆகவே நீங்கள் படித்தது பொய்யல்ல.

வளர்சிதை மாற்றம் என்பது ஆற்றல் உற்பத்தி மட்டும் அல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். உட்தோலில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை நெய்வதற்குக் கச்சாப் பொருளும் வேண்டும். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரோலினும் அதிலிருந்து உருவாகும் ஹைட்ராக்சிபுரோலினும். புரோலினைச் செல் தன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்புக்கு என்.ஏ.டி.யின் உறவினரான என்.ஏ.டி.பி.எச். தேவை என்பதை 2021இல் வெளிவந்த ஆய்வுகள் தெளிவாக்கின. அந்தப் புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதிக்கோ ஆக்சிஜன், இரும்பு, வைட்டமின் சி ஆகியவற்றுடன், மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சியில் பிறக்கும் ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டும் வேண்டும். அந்த மாற்றம் நிகழாவிட்டால் கொலாஜனின் மூன்று இழைகளும் முறுக்கிக்கொண்டு உறுதியான கயிறாக நிற்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா நலிந்தால் கொலாஜன் ஏன் குறைகிறது என்பதற்கு, "ஆற்றல் குறைகிறது" என்ற பொதுவான விடையைவிட இது துல்லியமான விடை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என்.ஏ.டி. மூலக்கூறின் எடை 663 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). அது மின்சுமை உடையது, நீரில் கரைவது. தோலின் மேற்பரப்பிலோ இறந்த செல்களும் கொழுப்பும் செங்கல்லும் சாந்தும்போல் அடுக்கப்பட்ட சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டினாலும், உயிருள்ள செல்லின் சவ்வு என்.ஏ.டி.யை முழுதாக உள்ளே விடுவது அரிது. செல்லின் வெளிப்புறத்தில் உள்ள நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகே துண்டுகள் உள்ளே செல்கின்றன. உங்கள் கணக்கியல் மொழியில் சொன்னால், அந்தக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கும் வசதி இல்லை.

இளவெயில்:

உயிர்வேதியன் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் முடிவு சற்று அவசரமானது என்று எனக்குப் படுகிறது.

2018இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் கேஷவ் சிங் குழுவினர் செய்த சோதனையை நினைவூட்ட விரும்புகிறேன். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை மருந்து கொடுத்துக் குறைக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்குச் சில வாரங்களிலேயே தோல் சுருங்கியது, முடி உதிர்ந்தது. மருந்தை நிறுத்தி மைட்டோகாண்ட்ரியா பழைய நிலைக்குத் திரும்பியதும் தோலும் முடியும் திரும்பின. சுருக்கம் என்பது திரும்பிவர முடியாத ஒருவழிப் பாதை என்ற எண்ணத்தையே இது அசைத்துவிட்டது அல்லவா? மனிதர்களிலும், வெயில்பட்ட தோலின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 4,977 எழுத்துகள் மொத்தமாக விடுபட்ட பிரதிகள், வெயில்படாத தோலைவிட அதிகமாக இருக்கின்றன. மொத்தமே 16,569 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வில் இது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்.

எனவே இலக்கு சரியான இலக்குதான். சென்று சேர்வது மட்டுமே சிக்கல். அது தொழில்நுட்பச் சிக்கல், என்றாவது தீரும். "பெரிய மூலக்கூறு தோலைத் தாண்டாது" என்பதும் முழு உண்மை அல்ல. ராபமைசின் என்னும் மருந்தின் எடை 914 டால்டன், என்.ஏ.டி.யைவிடப் பெரியது. அதைக் கொண்ட ஜெல், ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்னும் அரிய மரபணு நோய் உள்ளவர்களின் முகத்தில் தோன்றும் கட்டிகளுக்காக 2018இல் ஜப்பானிலும் 2022இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. 914 உள்ளே போகும்போது 663 ஏன் போகாது?

கலவையாளர்:

தோல்பராமரிப்புப் பொருட்களின் கலவைகளை உருவாக்குவது என் தொழில். நண்பர் இளவெயில் வைத்த ராபமைசின் சான்று இந்த விவாதத்துக்கு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஆனால் அது அவர் நினைக்கும் திசையில் செல்லவில்லை.

500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு தோலைத் தாண்டாது என்னும் "500 டால்டன் விதி" 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்னும் இருவர் எழுதிய கட்டுரையால் பரவியது. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களும், தோலில் பூசிப் பயன்தரும் மருந்துகளும் பெரும்பாலும் 500 டால்டனுக்கு உட்பட்டவை என்பது அவர்கள் கவனித்த உண்மை. இது அனுபவத்தால் வந்த எல்லைக்கோடு, இயற்பியல் விதி அல்ல. கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் இந்தக் கோட்டைத் தாண்டியும் ஓரளவு நுழைகின்றன. நோயால் சுவர் பழுதுபட்ட தோலில் இன்னும் எளிதாக நுழைகின்றன. ராபமைசின் கொழுப்பை நாடும் மூலக்கூறு. என்.ஏ.டி. அதற்கு நேர் எதிர். எடையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சில மூலக்கூறுகள் செல்லுக்குக் கட்டளையாகச் செல்கின்றன. சில மூலக்கூறுகள் சரக்காகச் செல்ல வேண்டியிருக்கிறது. ராபமைசின் கட்டளை. அது எம்டார் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு "வளர்ச்சியைக் குறை, பழையதை அப்புறப்படுத்து" என்று சொல்கிறது. ரெட்டினோயிக் அமிலமும் கட்டளைதான். செல்லின் உட்கருவில் அதற்கென்றே ஏற்பிகள் இருப்பது 1987இல் கண்டறியப்பட்டது. கட்டளைக்கு மிகச் சொற்ப அளவு போதும். பூசியதில் நூறில் ஒரு பங்கு உள்ளே போனாலும் செய்தி சேர்ந்துவிடும். சரக்கின் கதை வேறு. அது எடைக்கணக்கில், ஓயாமல், செல் செலவழிக்கும் வேகத்துக்கு ஈடாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆற்றல் தரும் ஏ.டி.பி." என்று எழுதிய கிரீம்களும் உண்டு. ஒரு மனித உடல் ஒரு நாளில் உருவாக்கி உடைக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை, ஏறக்குறைய அந்த உடலின் எடைக்கே சமம். இருப்பில் எந்த நேரத்திலும் சில பத்துக் கிராம்களே இருக்கும்; அதுவே ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. இந்தப் பெருக்கத்தின் முன்னால் ஒரு துளி சீரத்தில் உள்ள ஏ.டி.பி. எதைச் சாதிக்கும்? செல்லுக்கு வெளியே கிடக்கும் ஏ.டி.பி.யை உடல் பக்கத்துச் செல் உடைந்ததன் அறிகுறியாக, அபாயச் செய்தியாகப் படிக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். என்.ஏ.டி.யும் செல்லுக்குள் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் பாதி செலவாகி, மீண்டும் உருவாக்கப்படும் சரக்கு.

சேர்மானங்களை உள்ளே சுமந்து செல்லப் பயன்படுத்தும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்கள் பற்றி ஒரு சொல்: நான் அவற்றைத் தயாரித்திருக்கிறேன், அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் பெரும்பாலான லிப்போசோம்கள் முழு உருவில் உயிருள்ள அடுக்கு வரை பயணிப்பதில்லை. மேலே உள்ள இறந்த செல் அடுக்கின் கொழுப்போடு கலந்து கரைந்துவிடுகின்றன.

சரக்காக உள்ளே போகக்கூடிய ஒன்று இருக்கிறது என்பதுதான் இந்த விவாதத்தில் எனக்கு மகிழ்ச்சி தரும் பகுதி. அது பழைய, பகட்டில்லாத நியாசினமைடு, வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். எடை 122 டால்டன், மின்சுமை இல்லை. 5 விழுக்காடு கலவையில் அதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 மோல், செல்லுக்குள் என்.ஏ.டி.யின் செறிவோ ஒரு மில்லிமோலுக்கும் குறைவு. ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பதால், மிகச் சிறு பங்கு உள்ளே இறங்கினாலும் அது பொருட்படுத்தத் தக்க அளவு. உள்ளே போனதும் செல் தன் சொந்த மீட்புப் பாதையால் அதை என்.ஏ.டி.யாக மாற்றிக்கொள்ளும்.

தோல்மருத்துவர்:

மேலே உள்ள மூன்று பதிவுகளையும் இருமுறை படித்தேன். மனிதர்களில் என்ன அளக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனெனில் எலியின் தோலும் கண்ணாடித் தட்டில் வளரும் செல்லும் என் அறைக்கு வருவதில்லை.

நியாசினமைடு 5 விழுக்காட்டை 50 பெண்கள் முகத்தின் ஒரு பாதியிலும், அது இல்லாத அதே கிரீமை மறு பாதியிலும் 12 வாரங்கள் பூசிய ஆய்வு 2004இல் வெளியானது. மெல்லிய கோடுகள், கரும்புள்ளிகள், சிவந்த திட்டுகள், மஞ்சளித்த நிறம் ஆகியவற்றில் முன்னேற்றம் இருந்தது. அளவு மிதமானது, ஆனால் உண்மையானது. மேல்தோலில் செராமைடு என்னும் காப்புக் கொழுப்பின் உற்பத்தியை இது கூட்டுகிறது என்பதும், நிறமிப் பொட்டலங்கள் அண்டைச் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது என்பதும் தனித்தனியாகக் காட்டப்பட்டவை. எனவே பயன் முழுவதையும் என்.ஏ.டி.யின் கணக்கில் எழுதிவிட முடியாது.

வாய்வழி எடுத்துக்கொண்ட நியாசினமைடுதான் வளர்சிதை மாற்றக் கருத்துக்கு வலுவான சான்று. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஓராண்டு எடுத்தவர்களுக்கு, மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்று) அல்லாத புதிய தோல் புற்றுகள் 23 விழுக்காடு குறைவாகத் தோன்றின. மாத்திரையை நிறுத்தியதும் பாதுகாப்பு நீங்கிவிட்டது. செலவான சரக்கை நிரப்பும் பொருளிடம் எதிர்பார்க்கத் தக்க நடத்தை இது. ஆனால் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற 158 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் அந்தப் பயன் காணப்படவில்லை. அதிகப்படியான நியாசினிலிருந்து உடலில் உருவாகும் 4பிஒய் என்னும் கழிவுப்பொருளுக்கும் இதயநோய் அபாயத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2024இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே அழகுக்காக இந்த மாத்திரையை யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலவையாளர் சொன்ன "கட்டளை" வகையில் ட்ரெட்டினோயினுக்கு (ரெட்டினோயிக் அமிலத்தின் மருந்துப் பெயர்) இணையான சான்று வேறு எதற்கும் இல்லை. வெயிலால் மூத்த தோலில் அதன் பயனை ஆல்பர்ட் கிளிக்மன் குழு 1986இல் எழுதியது. புற ஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகுவதையும், ட்ரெட்டினோயின் அதைத் தடுப்பதையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிஷரும் வூர்ஹீசும் 1990களின் நடுவில் மனிதத் தோலிலேயே காட்டினார்கள். தாவரத்திலிருந்து எடுக்கப்படும் பாகுசியால் பலர் கேட்கும் புதிய பொருள். 44 பேரிடம் 12 வாரங்கள் ரெட்டினாலுடன் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், இரண்டும் சுருக்கத்திலும் நிறத்திலும் ஒத்த பயனைத் தந்தன. உரிதலும் எரிச்சலும் பாகுசியாலில் குறைவு. ஊக்கம் தரும் ஆய்வு, ஆனால் சிறியது. எக்சோசோம் (செல்கள் வெளியிடும் நுண்குமிழிகள்) பற்றிக் கேட்பவர்களுக்கு: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எக்சோசோம் பொருள் எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை, 2019இல் எச்சரிக்கையே விடுத்தது. பி.டி.ஆர்.என். எனப்படும் டி.என்.ஏ. துண்டுகள் 50,000 டால்டனிலிருந்து தொடங்குகின்றன. ஊசியால் செலுத்திப் பெற்ற முடிவுகளைச் சீரத்தின் குப்பியில் அச்சிடுவது நேர்மையல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பப்படி பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எந்தப் பயனையும் தரவில்லை. என்.ஏ.டி.யைச் செலவழிக்க வைக்கும் சேதத்தை வாசலிலேயே நிறுத்துவதும் வளர்சிதை மாற்றத்தைக் காப்பதுதானே?

செம்பருத்தி:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சீரத்தைப் பூசத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே கண்ணோரக் கோடுகள் மங்கியதை நான் பார்த்தேன். கற்பனை என்று எனக்குத் தோன்றவில்லை, என் சகோதரியும் அதைக் கவனித்துக் கேட்டாள். என்.ஏ.டி. உள்ளே போகவில்லை என்றால் அந்த மாற்றம் எப்படி வந்தது?

கலவையாளர்:

நீங்கள் பார்த்தது கற்பனை அல்ல. குப்பியின் பின்புறத்தில் உள்ள பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஹயலூரானிக் அமிலமும் இருக்கலாம். இறந்த செல் அடுக்கு நீரை உறிஞ்சி உப்பும்போது மெல்லிய கோடுகள் தட்டையாகத் தெரிகின்றன, ஒளி சீராகத் திரும்புகிறது. இது சில மணி நேரத்தில் தொடங்கி, பூசுவதை நிறுத்திய சில நாட்களில் மறைந்துவிடும். கொலாஜன் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. இதனால்தான் நல்ல ஆய்வுகளில் ஒரு பாதி முகத்தில் சேர்மானம் இல்லாத அதே கிரீமைப் பூசுகிறார்கள். வெறுமனே "பூசுவதற்கு முன், பூசிய பின்" என்று ஒப்பிட்டால் ஏறத்தாழ எல்லாக் கிரீம்களும் வென்றுவிடும்.

இளவெயில்:

கட்டளை, சரக்கு என்ற வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். நான் இதுவரை அப்படி யோசித்ததில்லை. ஆனால் அந்த வேறுபாடே என் நம்பிக்கைக்கு இடம் தருகிறது. செல்லுக்குள் சரக்கை ஊட்ட முடியாவிட்டால், பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும்படி கட்டளை இடலாமே. தன்னைத் தானே செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் இயங்குமுறையைக் கண்டதற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. யூரோலித்தின் ஏ என்னும் மூலக்கூறு அந்த வழியில்தான் முன்வைக்கப்படுகிறது. ராபமைசினைக் குறைந்த அளவில் ஒரு கையிலும் வெற்று கிரீமை மறு கையிலும் எட்டு மாதங்கள் பூசிய அமெரிக்க ஆய்வு 2019இல் வெளியானது. மூத்துத் தேங்கிய செல்களின் அடையாளமான பி16 புரதம் குறைந்து, ஏழாம் வகைக் கொலாஜன் கூடியிருந்தது.

இன்னொரு ஐயமும் இருக்கிறது. நியாசினமைடு அதிகமானால் சிர்டுயினைத் தடுக்கும் என்று படித்தேன். அப்படியானால் என்.ஏ.டி.யைக் கூட்ட நாம் பூசுவது, அந்த என்.ஏ.டி. செய்ய வேண்டிய வேலையையே தடுக்காதா?

உயிர்வேதியன்:

ஐயம் நியாயமானது, சான்றுள்ள ஐயமும்கூட. சிர்டுயின், பார்ப் இரண்டுமே என்.ஏ.டி.யை உடைக்கும்போது மிச்சமாக விழுவது நியாசினமைடுதான். அந்த மிச்சம் குவிந்தால் அதே நொதிகளின் வேகம் குறையும். தன் வேலையின் விளைபொருளே தன்னைத் தடுக்கும் ஏற்பாடு உயிர்வேதியியலில் பரவலானது. ஆனால் நாம்ப்ட் என்னும் நொதி அந்த மிச்சத்தை எடுத்து மீண்டும் என்.ஏ.டி.யாகக் கட்டிக்கொண்டே இருப்பதால், ஓரளவு வரை நியாசினமைடு சரக்கு. அதைத் தாண்டினால் தடை. 5 விழுக்காடு நல்லது என்றால் 20 விழுக்காடு நான்கு மடங்கு நல்லது என்று எண்ணுவதற்கு இதனாலேயே அடிப்படை இல்லை.

எலிச் சோதனையைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். அது அழகான சோதனை, அதன் பொருளும் பெரியது. ஆனால் அங்கே மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. எண்ணிக்கை உடல் முழுவதும் வலிந்து குறைக்கப்பட்டது, பிறகு தடை விலக்கப்பட்டது. நம் தோலில் பல பத்தாண்டுகள் வெயிலில் சேர்ந்த விடுபடல்கள் வேறு வகையானவை. விலக்குவதற்கு அங்கே எளிய தடை ஏதும் இல்லை.

ஆற்றலை மட்டுமே பேசும்போது மறைந்துபோகும் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், புரதங்களோடு தானாகவே வினைபுரிகிறது. 1912இல் லூயி காமில் மையார் விவரித்த வினை இது. பெரும்பாலான புரதங்கள் சில நாட்களில் புதுப்பிக்கப்படுவதால் அவற்றுக்கு இதனால் பெரிய தீங்கில்லை. தோலின் கொலாஜனோ பாதி புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் சர்க்கரைக் கரைசலில் ஊறும் இழைகளுக்கிடையே குளுக்கோசபேன் போன்ற குறுக்குப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக விழுந்து, நெகிழ வேண்டிய வலை விறைத்துப்போகிறது. நீரிழிவு நோயாளிகளின் தோல் கொலாஜனில் இந்தப் பிணைப்புகள் மிகுதி என்பது நன்றாக நிறுவப்பட்டது. "சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும்" என்று விற்கப்படும் கிரீம்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்: ஏற்கெனவே விழுந்த குளுக்கோசபேன் பிணைப்பை மனிதத் தோலில் வெட்டும் பொருள் இன்று எந்தக் கடையிலும் இல்லை.

அழகாக இணையும் ஓர் இடமும் உண்டு. ரெட்டினால் பூசினால் அது நேராக வேலை செய்வதில்லை. செல் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினோயிக் அமிலமாகவும் மாற்ற வேண்டும். இரண்டு படிகளிலும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள நிற்பது என்.ஏ.டி. கட்டளையை எழுதும் மையும் சரக்கறையிலிருந்துதான் வருகிறது.

தோல்மருத்துவர்:

ராபமைசினைப் பற்றி மட்டும் கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது. அது உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கத் தரும் மருந்து. தோல் புற்றின் முதல் அரும்புகளைக் கண்டு அழிப்பதே தோலின் நோய் எதிர்ப்புச் செல்கள்தான். ஒரு சிறு ஆய்வை நம்பி அதை இணையத்தில் வாங்கிக் கலந்து பூசுபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. யூரோலித்தின் ஏ பற்றி வந்த தோல் ஆய்வுகள் சிறியவை. அதைத் தயாரிப்பவர்களே முன்னின்று நடத்தியவை. தொடர்ந்து கவனிக்கத் தக்கது, அவ்வளவே.

என்னிடம் வருபவர்களில், ஒரே நேரத்தில் ஆறேழு சீரங்களை அடுக்கிப் பூசி, எரிச்சலும் சிவப்புமாக வருபவர்கள் பலர். அழற்சியுற்ற தோல் கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தானே பெருக்குகிறது. மூப்பைத் தள்ளிப்போட வாங்கியதே அதை விரைவுபடுத்தும் நிலையைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. செம்பருத்தி அவர்களுக்கு என் யோசனை: பகலில் சன்ஸ்கிரீன், காலையிலோ மாலையிலோ நியாசினமைடு, இரவில் தாங்கும் அளவுக்கு ஒரு ரெட்டினாய்டு (ரெட்டினால், ட்ரெட்டினோயின் போன்றவை). கருவுற்றிருப்பவர்கள் ரெட்டினாய்டைத் தவிர்க்க வேண்டும். புதிய பொருள் எதையும் முதல் மாதத்தில் எடைபோடாதீர்கள், 12 வாரங்கள் கொடுங்கள்.

செம்பருத்தி:

குப்பியின் பின்புறத்தைப் பார்த்தேன். நீருக்கு அடுத்து கிளிசரின், நான்காவதாக நியாசினமைடு, கடைசிக்கு இரண்டு பெயர்கள் முன்னால் என்.ஏ.டி. கலவையாளர் சொன்னது அப்படியே பலித்தது. இந்தக் குப்பி முடிந்ததும் வெறும் நியாசினமைடுக்கு மாறப்போகிறேன். கடைசியாக ஒன்று: என்னிடம் வைட்டமின் சி சீரமும் இருக்கிறது. அதையும் நியாசினமைடையும் சேர்த்துப் பூசினால் இரண்டும் கெட்டுவிடும், முகம் சிவக்கும் என்கிறார்களே, அது சரியா?

கலவையாளர்:

அந்த அச்சத்துக்கு அடிப்படை ஒன்று உண்டு, ஆனால் உங்கள் முகத்துக்கு அது பொருந்தாது. கடும் அமிலத்திலும் சூட்டிலும் நீண்ட நேரம் வைத்தால் நியாசினமைடு நீராற்பகுப்பு அடைந்து நிக்கோட்டினிக் அமிலமாக மாறும். அந்த அமிலந்தான் இரத்தக் குழாய்களை விரியச் செய்து முகத்தைச் சிவக்க வைப்பது. தோலின் வெப்பநிலையில், பூசிய சில நிமிடங்களில், அந்த மாற்றம் பொருட்படுத்தும் அளவுக்கு நிகழாது. என் வேலையில் நான் அஞ்சுவது, இரண்டையும் ஒரே குப்பியில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதைத்தான். வைட்டமின் சி நன்றாக உள்ளே இறங்க பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். நியாசினமைடு நிலைத்திருப்பதோ நடுநிலைக்கு அருகில். எனவே தனித்தனிக் குப்பிகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சியை முதலில் பூசி, அது உலர்ந்த பிறகு நியாசினமைடைப் பூசலாம். வைட்டமின் சி சீரம் பழுப்பு நிறமாகிவிட்டால் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து வீரியம் இழந்துவிட்டது என்று பொருள், அதை அப்புறப்படுத்திவிடுங்கள்.